காய் பிடித்து 35 நாளாச்சு, தக்காளி இன்னும் பச்சையாவே நிக்குது

பள்ளத்தூர் வளவு (ஏப்ரல் 12, காலை)

எல்லாருக்கும் வணக்கம். செடி வளர்க்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை. 31 வருஷம் சென்னையில் வங்கி வேலை பார்த்தேன். போன ஆவணியில் ஓய்வு பெற்றதும், ஆத்தாவோட இருக்கணும்னு பள்ளத்தூர் வீட்டுக்கே வந்துட்டேன். ஆத்தாவுக்கு 84 வயசு. கண் மங்கிப் போச்சு, ஆனா நாக்கு ருசி துளியும் குறையலை. கடையில் வாங்குற பெங்களூர்த் தக்காளியில் ரசம் வச்சுக் கொடுத்தா, ஒரு வாய் குடிச்சுட்டு "புளிப்பும் இல்ல, வாசமும் இல்ல"ன்னு டம்ளரைத் தள்ளி வச்சிருவாங்க. அந்தக் காலத்தில் பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற வாய்க்கால் ஓரத்தில் நாட்டுத் தக்காளி தானா முளைச்சுக் கிடக்குமாம். அதைப் பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது அவங்களுக்கு. அந்தப் பழத்தை அவங்க கையில் கொடுக்கணும்னுதான் இந்தச் செடியை வச்சேன்.

விவரம் சொல்லிடுறேன். காரைக்குடியில் விதைக்கடையில் வாங்கினது, பொட்டலத்தில் பி.கே.எம். 1 என்று போட்டிருந்தது. ஜனவரி 6 அன்று விதை போட்டேன். பிப்ரவரி 2 அன்று நாற்றைப் பிடுங்கி ஆறு பைகளில் நட்டேன். பையில் நம்ம ஊர்ச் செம்மண், மக்கின மாட்டெரு, தேங்காய் நார்க்கழிவு. வீட்டுக்குப் பின்பக்கம், மூணாங்கட்டைத் தாண்டி கிணத்தடியில் சிமெண்டுத் தளம் இருக்கே, அங்கேதான் வரிசையா வச்சிருக்கேன். மார்ச் 3 அன்று முதல் பூ. மார்ச் 8 அன்று மிளகு அளவில் முதல் பிஞ்சைப் பார்த்தேன், தேதியைக் காலண்டரில் எழுதி வச்சிருக்கேன். ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள எலுமிச்சம்பழத்தை விடப் பெருசா வந்துருச்சு. இப்ப ஆறு செடியிலும் சேர்த்து 23 காய். அதோட நின்னு போச்சு. பெருக்கவும் இல்ல, நிறம் மாறவும் இல்ல. தினமும் விடியக்காலை பட்டாலையிலிருந்து, அதாவது உள் கூடத்திலிருந்து, "செவந்துருச்சாப்பா?"ன்னு ஆத்தா குரல் வரும். இல்ல ஆத்தான்னு சொல்லிச் சொல்லி எனக்கே மனசு கஷ்டமா இருக்கு.

வெயில் படட்டும், சீக்கிரம் பழுக்கும்னு மார்ச் 30 அன்று காயை மறைச்சிருந்த இலையை எல்லாம் கிள்ளி விட்டேன். வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி ஊத்துறேன். இப்ப ரெண்டு காயில் வெயில் படுற பக்கம் வெள்ளையா, காகிதம் ஒட்டின மாதிரி திட்டு வந்திருக்கு. ஒரு காய்க்கு அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப் போச்சு. புதுசா வர்ற பூவெல்லாம் காம்போட உதிருது. நான் என்ன தப்புப் பண்றேன்? இன்னும் எத்தனை நாள் காத்திருக்கணும்?

---

தேவகோட்டைக் கிணத்தடி

தம்பி, முதல்ல மனசைத் தேத்திக்கங்க. 35 நாள் ஒரு கணக்கே இல்ல. பிஞ்சு பிடிச்சதிலிருந்து பழமாக 45லிருந்து 55 நாள் வரைக்கும் ஆகும். முதல் இருபத்தஞ்சு முப்பது நாள்ல காய் முழு அளவுக்கு வந்துரும், கண்ணுக்குத் தெரியுற வளர்ச்சி அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு மூணு வாரம் வெளியே ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ள விதை முத்திக்கிட்டு இருக்கும். நீங்க இப்ப நிக்கிறது அந்த இடத்துலதான். நான் 40 வருஷமா செடி வைக்கிறேன், இந்த ரெண்டு வாரம் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் நீளமாத்தான் தெரியுது.

காய் முத்திருச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. அந்த அடி கறுத்த காய் எப்படியும் வீண்தானே, அதோட அளவில் நல்ல காய் ஒண்ணையும் பறிச்சு, நல்ல கூரான கத்தியால குறுக்க அறுங்க. விதை கத்தியில் அறுபட்டா இன்னும் பிஞ்சு. விதையைச் சுத்திக் கூழ் கட்டி, கத்தி படும்போது விதை வழுக்கி ஒதுங்கினா காய் முத்திருச்சு. முத்தின காய் செடியில் இருந்தாலும் பழுக்கும், வீட்டுக்குள்ள இருந்தாலும் பழுக்கும். பிஞ்சில் பறிச்சதை அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சாலும் வதங்குமே தவிரப் பழுக்காது.

புண்ணாக்குத் தண்ணிய உடனே நிறுத்துங்க. அது இலைக்குத் தீனி. காய் முத்துற நேரத்தில் அதைக் கொடுத்தா செடி கொழுந்து விடுறதிலேயே குறியா இருக்கும்.

அடி கறுக்கிறது பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. காயோட அடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரலை. மண்ணில் சத்து இருக்கும், ஆனா அது தண்ணியோடதான் ஏறும். ஒரு நாள் காய விட்டு மறுநாள் குடம் குடமா ஊத்தினா இப்படித்தான் ஆகும். முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடுன்னு சொல்லுவாங்க, அது மக்கிச் செடிக்குச் சேர மாசக்கணக்கா ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் பைக்குள்ள விரலை விட்டுப் பாத்து ஒரு தடவை, அளவா ஊத்துங்க. மேல வைக்கோலோ தென்னஞ்சருகோ பரப்பி விடுங்க.

ஆத்தாவை நான் கேட்டேன்னு சொல்லுங்க.

---

காளையார்கோவில் அரை ஏக்கர்

அண்ணே வணக்கம். நான் தோட்டக்கலை படிச்சவன், அரை ஏக்கரில் தக்காளி போடுறேன். ஆச்சி சொன்னதெல்லாம் சரி. அந்த இலை கிள்ளின விஷயம் ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

வெயில் பட்டாத்தான் பழுக்கும்னு நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். இலைக்குத்தான் வெயில் வேணும், தக்காளிக் காய்க்கு வேண்டாம். இருட்டறையில் வச்சாலும் முத்தின காய் செவக்கும். முத்தினதும் காய்க்குள்ளேயே எத்திலீன் என்கிற வாயு உண்டாகும். அதுதான் பச்சையத்தைச் சிதைச்சு, காயை மெதுவாக்கி, நிறத்தை வரவழைக்குது. இந்த வேலை நல்லா நடக்க 20லிருந்து 25 டிகிரி வெப்பம் போதும். தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கிறது லைக்கோபீன் என்கிற நிறமி. 30 டிகிரியைத் தாண்டினா அது உருவாகிறது குறைஞ்சுக்கிட்டே போய், இன்னும் ஏறினா கிட்டத்தட்ட நின்னே போயிரும். மஞ்சள் நிறமியான கரோட்டின் மட்டும் தொடர்ந்து வரும். அதனாலதான் சித்திரை, வைகாசியில் செடியிலேயே விட்ட பழம் செவக்காம, மஞ்சளும் ஆரஞ்சுமா வெளுத்துப் போகுது. நம்ம ஊர்ல இதுக்குப் பேரே இருக்கு, வெம்பல். வெம்பினது வேற, பழுத்தது வேற. உங்க ஆத்தாவைக் கேளுங்க, தொட்டே சொல்லிருவாங்க.

சிமெண்டுத் தளத்தில் வெயில் நேரடியாப் படுற காய், காத்தை விட இன்னும் பல டிகிரி சூடேறும். நீங்க சொன்ன வெள்ளைத் திட்டு அந்தச் சூட்டில் தோல் வெந்ததுதான். அது திரும்பப் பச்சையாகாது. இனிமே ஒரு இலையைக் கூடக் கிள்ளாதீங்க. மண்ணைத் தொடுற அடி இலையும் நோய் பிடிச்ச இலையும் மட்டும் விலக்கு.

செய்ய வேண்டியது, பைக்கு அடியில் செங்கல் ரெண்டு அல்லது தென்னை மட்டை வச்சுத் தளத்தை விட்டுத் தூக்குங்க. மதியம் 11 மணியிலிருந்து 4 மணி வரை நிழல் வேணும். பச்சை நிழல் வலை 35 அல்லது 50 சதம்னு கடையில் கேட்டாக் கொடுப்பாங்க, அது வர்ற வரைக்கும் பழைய நூல் சேலையை நாலு கம்பில் கட்டுங்க.

பூ உதிர்றதும் வெயிலால்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமா இருந்தா மகரந்தம் கெட்டுப் போயிரும், பூ பிடிக்காது. அதுக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். இருக்கிற 23 காயைக் காப்பாத்துங்க.

இன்னொண்ணு. பி.கே.எம். 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த ரகம், அண்ணஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கினது. புளிப்பு உண்டு, நாட்டு வாசமும் உண்டு, ஆத்தாவுக்கு நீங்க தேர்ந்தெடுத்தது நல்ல விதை. அதுக்குக் காம்பைச் சுத்தித் தோள்பட்டை கடைசி வரைக்கும் கரும்பச்சையா இருக்கும். அந்தப் பச்சையைப் பாத்து இன்னும் பழுக்கலைன்னு இருந்துறாதீங்க. பார்க்க வேண்டிய இடம் காயோட அடி. முதல்ல பச்சை வெளுத்து, பால் கலந்த மாதிரி ஆகும். அப்புறம் அடியில் லேசா இளஞ்சிவப்பு ஓடும். அதுதான் செங்காய். அன்னைக்கே பறிச்சு உள்ள கொண்டு போயிருங்க.

---

கோட்டையூர் மதிலோரம்

செங்காயில் பறிக்கச் சொல்றதை மட்டும் என்னால ஒத்துக்க முடியலை. கடைக்காரங்க அப்படிப் பறிச்சு லாரியில் ஏத்துறதாலதானே அந்தத் தக்காளி சப்புன்னு இருக்கு? வீட்டில் வளர்க்கிறதே செடியில் பழுத்ததைத் தின்னத்தானே? போன தையில் எங்க வீட்டுச் செடியில் முழுசாப் பழுக்க விட்டுப் பறிச்சேன், கல்கண்டு மாதிரி இருந்துச்சு. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற வலைப்பை இருக்குல்ல, அதைக் கொத்துக்கு ஒண்ணாக் கட்டி விட்டேன். அணில் தொடலை.

---

காளையார்கோவில் அரை ஏக்கர்

நீங்க பறிச்சது தையில். அப்ப ராத்திரி இருபது டிகிரி, பகல் முப்பது. செடியிலேயே விடுறதுதான் அப்ப நல்லது, நானும் அப்படித்தான் விடுவேன். இப்ப சித்திரை பிறக்கப் போகுது. கடைத் தக்காளியில் ருசி கெடுறதுக்கு மூணு காரணம். முத்தாத காயையும் சேர்த்துப் பறிச்சிடுறாங்க, தூரம் போறதுக்காகக் கெட்டித் தோல் ரகமாப் பாத்துப் போடுறாங்க, வாங்கின நாமளும் குளிர்ப்பெட்டியில் வச்சுடுறோம். 12 டிகிரிக்குக் கீழ போனா பழுக்கிறது நின்னு, வாசமும் போயிரும். செங்காயில் சத்து ஏறுறது பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். அதுக்கு மேல கிளையில் இருந்தா அணிலும் மயிலும்தான் பங்குக்கு வரும். குன்றக்குடிப் பக்கம் ஒரு கொல்லையில் மயில் கூட்டம் இறங்கி ஒரே காலையில் பழத்தை எல்லாம் கொத்திப் போட்டதை நேர்ல பாத்திருக்கேன்.

---

பள்ளத்தூர் வளவு (ஏப்ரல் 13, இரவு)

ஆச்சிக்கும் தம்பிக்கும் கோடி நன்றி. கத்தி வச்சு அறுத்துப் பார்த்தேன். விதை வழுக்கிக்கிட்டுப் போச்சு! அடி கறுத்த காயை வெட்டி எறிஞ்சுட்டு நல்ல காயின் ரெண்டு பாதியையும் ஆத்தா கையில் வச்சேன். விரலால கூழைத் தடவிப் பார்த்துட்டு, "முத்திருச்சுப்பா. இதைக் கீழ போட்றாத, பாசிப்பருப்பு ரெண்டு கை போட்டுப் பச்சடி வை"ன்னாங்க. ஒரு காயில் என்ன பச்சடி, ரெண்டு கத்தரிக்காயும் சேர்த்து வச்சேன்.

பைகளைச் செங்கல் மேல ஏத்தியாச்சு. நிழலுக்குச் சேலை கேட்டதும் ஆத்தா பெட்டியைத் திறந்து பழைய கண்டாங்கி ஒண்ணை எடுத்தாங்க. அரக்குக் கட்டம் போட்டது, மடிப்பு மடிப்பா நைஞ்சிருக்கு. அப்பா இருந்த காலத்தில் கட்டினதாம். வேண்டாம் ஆத்தா, வேஷ்டி கட்டிக்கிறேன்னு சொல்லிப் பார்த்தேன். "பெட்டிக்குள்ள கிடந்து யாருக்கு என்ன? செடிக்கு நிழலாகட்டும்"னு கையில் திணிச்சுட்டாங்க. நாலு மூங்கில் நட்டுக் கட்டிட்டேன். மதியம் அதுக்கு அடியில் உட்கார்ந்தா செடி மேல எல்லாம் அரக்குக் கட்டமா வெளிச்சம் விழுது.

சுவரில் மாட்டுற வெப்பமானி ஒண்ணு வாங்கினேன். மதியம் 2 மணிக்குக் கிணத்தடியில் 39. அதே நேரம் ரெண்டாங்கட்டில் சாமான் அறையில் 30. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ரெண்டடி கனம், தரை ஆத்தங்குடிக் கல். ராத்திரி இன்னும் குறையுது. பறிச்சா அங்கே வைக்கலாமா? தரையிலேயா, அரிசி டப்பாவிலா?

---

தேவகோட்டைக் கிணத்தடி

தரையிலேயே வைங்க தம்பி. குடிதண்ணிப் பானை எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துத் தரை எப்பவும் சில்லுன்னு இருக்கும், அதுதான் எங்க வீட்டுல தக்காளி பழுக்கிற இடம். பழைய செய்தித்தாள் விரிச்சு, காம்பு கீழ இருக்கிற மாதிரி ஒண்ணையொண்ணு தொடாம அடுக்குங்க. அரிசிக்குள்ள வச்சா சீக்கிரம் பழுக்கும், ஆனா ஒண்ணு அழுகிக் கசிஞ்சாக் கூட அரிசி போச்சு. அவசரமா வேணும்னா பழுத்த வாழைப்பழம் ஒண்ணைப் பக்கத்தில் வச்சுக் கூடையால மூடுங்க, தம்பி சொன்ன வாயு அதிலிருந்தும் வரும். தினமும் திறந்து பாத்து வியர்த்திருந்தாத் துடைக்கணும். கார்பைடு கல்லை யாராவது சொன்னாக் காதிலேயே வாங்காதீங்க. சட்டப்படியே தடை பண்ணினது அது, வயசானவங்க வாயில் போற பண்டம்.

---

பள்ளத்தூர் வளவு (ஏப்ரல் 28)

இத்தனை நாள் எழுதாம இருந்ததுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

ஏப்ரல் 19 அன்று காலையில், கிணத்துச் சுவரை ஒட்டின செடியில் ஒரு காய் மட்டும் வெளுத்திருந்தது. குனிஞ்சு அடியைப் பார்த்தேன். நெல்லு அளவுக்கு இளஞ்சிவப்பு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்க சொன்னாத்தான் புரியும், வீட்டில் ஆத்தாவைத் தவிர வேற யாரும் இல்ல. முதல் பிஞ்சைப் பார்த்து 42 நாள். அடுத்த நாள் ரெண்டு, அதுக்கடுத்த நாள் நாலு. தம்பி சொன்ன மாதிரி செங்காயிலேயே பறிச்சு, பானைக்குப் பக்கத்தில் தாளில் அடுக்கினேன். கோட்டையூர்க்காரர் சொன்னதையும் தட்ட மனசில்லாம ஒரு கொத்தை மட்டும் வலைப்பை கட்டிச் செடியிலேயே விட்டேன். சேலை நிழல் இருந்தும் அது தக்காளிச் சிவப்பு வரலை, குங்குமப்பூ மாதிரி ஆரஞ்சு நிறத்திலேயே மெதுவாயிருச்சு. தோளில் மஞ்சள். உள்ள வச்சது அஞ்சாம் நாள் நல்ல சிவப்பு, பச்சைத் தோளோட.

ரெண்டிலும் ஒவ்வொண்ணு எடுத்து, எது எதுன்னு சொல்லாம ஆத்தாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தாங்க. செடியில் விட்டதைக் கீழ வச்சுட்டு, "இது வெம்பினது. குழம்புக்குப் போட்டுக்க"ன்னாங்க. இன்னொண்ணைக் காம்புப் பக்கம் மோந்துக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தாங்க. அப்புறம் அப்படியே கடிச்சாங்க, சாறு முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. ரசத்துக்குன்னு வச்ச பழம் அது.

மறுநாள் நாலு பழத்தில் ரசம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டது, புளி பாதிதான். டம்ளரைத் தள்ளலை. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.

வெள்ளைத் திட்டு விழுந்த ரெண்டு காயும் அந்த இடத்திலேயே அழுகிப் போச்சு. அந்த இலைகளைக் கிள்ளினது இன்னும் உறுத்துது. மீதி 19இல் இதுவரை 14 பறிச்சாச்சு.

இப்ப ஒரு கேள்வி. ஆத்தா விதை எடுத்து வைக்கச் சொல்றாங்க. எதிலிருந்து எடுக்கிறது? அடுத்து எப்ப விதைக்கிறது?

---

காளையார்கோவில் அரை ஏக்கர்

பி.கே.எம். 1 வீரிய ஒட்டு ரகம் இல்லண்ணே, விதை எடுத்தா அதே மாதிரிதான் வரும். நோய் இல்லாத செடியாப் பாத்து, நல்லா பழுத்த பழம் ரெண்டு மூணு எடுத்து, கூழோட விதையைப் பிதுக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு மூணு நாள் வைங்க. மேல ஏடு கட்டிப் புளிச்ச வாடை வரும், பயப்பட வேண்டாம், விதை மேல இருக்கிற வழுவழுப்பு அப்பத்தான் போகும். தண்ணி ஊத்திக் கலக்கினா நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். கழுவி, நிழலில் தட்டில் பரப்பிக் காய வைங்க. தாளில் காய வச்சா ஒட்டிக்கும். வெம்பின பழத்து விதையும் முத்தினதா இருந்தா முளைக்கும், அதையும் வீணாக்க வேண்டாம்.

இந்தத் தடவை மாதிரி தையில் நட்டு வெயிலில் மாட்டாதீங்க. ஐப்பசியில் மழை கொட்டும்போது நாற்றை முகப்புத் திண்ணையில் வச்சுக் காப்பாத்தி, கார்த்திகையில் நட்டீங்கன்னா பழம் தை, மாசியில் வரும். அப்ப செடியிலேயே பழுக்க விடலாம், கோட்டையூர் அண்ணன் சொன்ன ருசியும் கிடைக்கும்.

---

தேவகோட்டைக் கிணத்தடி

விதையைத் துணியில் முடிஞ்சு அடுப்புக் கூடத்தில் தொங்க விடாதீங்க தம்பி, சூடு ஆகாது. காகிதப் பொட்டலத்தில் மடிச்சு, தேதியும் ரகமும் எழுதி, ஈரம் இல்லாத டப்பாவில் வைங்க. கொஞ்சம் மிஞ்சினா எனக்கும் ஒரு பொட்டலம். கார்த்திகையில் சேர்ந்தே நடுவோம்.

---

பள்ளத்தூர் வளவு

கண்டிப்பா ஆச்சி. மூணு பழத்து விதை இன்னைக்கே டம்ளரில் போட்டாச்சு. உங்க பொட்டலத்து மேல தேதியை ஆத்தாவே எழுதுறேன்னு சொல்லியிருக்காங்க. எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும்.